நடராஜர் போன ஃபாரின் டூர்!

குரூப் டூர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 'ஒரே நாளில் ஒன்பது கோயில்' என்று நோட்டீஸ். விடியற்காலை நாலு மணிக்கு வேன். முன் சீட்டை ஒரு மாமா முதலிலேயே பிடித்திருப்பார் (பின்னால் உட்கார்ந்தால் அவருக்கு வாந்தி வரும்!). எவர்சில்வர் தூக்கில் புளியோதரை. ஏற்பாடு செய்தவர் ஒவ்வொரு கோயில் வாசலிலும் வாட்சைப் பார்த்தபடி, "இருபது நிமிஷம்தான்... லேட் பண்ணா அடுத்த கோயில்ல நடை சாத்திடுவாங்க!" என்று விரட்டுவார்.

இதைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால், அந்த வேனுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. அதில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிடுகிறவர்களுக்கே அது தெரியாது. என்ன வேலை என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், உங்களை ஒரு டூர் அழைத்துப் போகிறேன். வாடகை கிடையாது. ஏறிக்கொள்ளுங்கள்!

போகப்போவது பெரம்பலூர், அரியலூர் பக்கம். சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் நாமெல்லாம் தூங்கிக்கொண்டே கடந்துபோகிற ஊர் பெரம்பலூர். அரியலூர் என்றால் சிமென்ட் ஞாபகம் வரும். 1995-ல் திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2007-ல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. நிர்வாகத்துக்குத்தான் இரண்டு. நம்ம டூருக்கு ஒன்றுதான்.

முதல் நிறுத்தம் சிறுவாச்சூர். பெரம்பலூரைத் தாண்டியதும், நெடுஞ்சாலை ஓரத்திலேயே மதுரகாளியம்மன் கோயில். இங்கே ஒரு விசேஷம். வாரம் முழுக்கக் கோயில் திறந்திருக்காது. திங்கள், வெள்ளி மற்றும் சில விசேஷ நாட்களில்தான் தரிசனம். மற்ற நாட்களில் அம்மன் மலைக்குப் போய்விடுவதாக ஐதீகம். வாரத்தில் முக்கால்வாசி நாள் ஷட்டர் இறக்கிய கடைக்கு வியாபாரம் நடக்குமா? இங்கே நடக்கிறது. காரணம், இது பல குடும்பங்களுக்குக் குலதெய்வம். பேரனுக்கு மொட்டை போட வேண்டுமா, கல்யாணப் பத்திரிகை வைக்க வேண்டுமா, எந்த ஊரில் இருந்தாலும் கிளம்பி வந்துவிடுவார்கள். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதவு எத்தனை நாள் திறந்திருக்கிறது என்பது முக்கியமில்லை. தேடி வர ஆள் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

அங்கிருந்து அரியலூர் வழியாகப் பழுவூர். பேரைக் கேட்டதும் உங்களில் பாதிப் பேர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். 'பொன்னியின் செல்வன்' பழுவேட்டரையர்கள் ஊரேதான்! கல்கி அவர்களை வில்லன்களாக உலவவிட்டது 1950-களில். நிஜப் பழுவேட்டரையர்கள் சோழர்களுக்குப் பெண் கொடுத்த குறுநில மன்னர்கள். முதலாம் பராந்தகனுக்கு மாமனார் வீடு! மேலப்பழுவூரை ஒட்டிய கீழையூரில், 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த இரட்டைக் கோயில் இருக்கிறது. பெயர், அவனிகந்தர்ப்ப ஈஸ்வர கிருகம். கீழப்பழுவூரில் சம்பந்தர் பாடிய ஆலந்துறையார் கோயில்.

இந்தச் சோழர் காலக் கோயில்களின் சுவர்களைச் சும்மா பார்த்தால் கிறுக்கல். படித்தால், கணக்குப் புத்தகம்! காமர்ஸ் படித்தவன் என்பதால் எனக்குக் கல்வெட்டில் ராஜாக்களின் மெய்க்கீர்த்தியைவிட வரவு செலவுதான் பிடிக்கும். ஒரு உதாரணம் பாருங்கள்.

ஒருவர் கோயிலுக்கு ஒரு நந்தா விளக்கு வைக்கிறார். அதாவது, இரவும் பகலும் அணையாத விளக்கு. அதற்கு 96 ஆடுகளைக் கொடுக்கிறார். ஆடு மேய்ப்பவர் அவற்றை வாங்கிக்கொண்டு தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு வைத்த பெயர்தான் அபாரம். 'சாவா மூவாப் பேராடு'! சாகாத, கிழடு தட்டாத ஆடு. அப்படி ஒரு ஆடு உண்டா என்று கேட்காதீர்கள். செத்தால் குட்டி கணக்கில் சேரும். எண்ணிக்கை மட்டும் 96-ல் நிற்க வேண்டும். முதல் குறையாமல் வட்டியில் விளக்கு எரிய வேண்டும். இன்றைய ஃபிக்ஸட் டெபாசிட்டேதான். என்ன, இது 'மே' என்று கத்தும்!

சரி, ஆயிரம் வருடத்துக்கு எழுதிய இந்த ஒப்பந்தத்தை யார் கண்காணிப்பது? கொடுத்தவர் போய்ச் சேர்ந்துவிடுவார். ராஜா மாறுவார். அதற்கும் ஒரு வரி எழுதி வைத்தார்கள். ஏராளமான சிவன் கோயில் கல்வெட்டுகள் 'பன்மாகேசுவர ரட்சை' என்றுதான் முடிகின்றன. மாகேசுவரர் என்றால் சிவனடியார். பன்மாகேசுவரர் என்றால் அடியார் கூட்டம் மொத்தமும். 'இந்தத் தர்மம் அவர்கள் பாதுகாப்பில்' என்று அர்த்தம். கவனியுங்கள், ராஜா காப்பாற்றுவார் என்று நம்பி விடவில்லை. வந்து போகிற ஜனம் காப்பாற்றும் என்று எழுதினார்கள்.

நமக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், அந்தக் காலத்துக் குரூப் டூர்க்காரர்கள்தான் செக்யூரிட்டி!

அடுத்து, கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடி. அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய ஊர். பங்குனியில் நந்திக்குக் கல்யாணம் நடக்கும். அதைப் பார்க்க ஊர் ஊராகக் கூட்டம் வரும். நாம் பார்க்கப்போவது வேறு விஷயம். ராஜராஜ சோழனின் 28-ஆம் ஆட்சியாண்டில், கிட்டத்தட்ட கி.பி. 1013-ல், இந்தக் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட உத்தரவானது. பிரித்தால் சுவரில் இருக்கும் கல்வெட்டுகள் என்னாவது? அத்தனையையும் முதலில் புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். அப்புறம்தான் பிரித்தார்கள். ராஜேந்திர சோழனின் 14-ஆம் ஆட்சியாண்டில், அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள்.

யோசித்துப் பாருங்கள். உத்தரவு போட்டது அப்பா. வேலை முடிந்தது மகன் காலத்தில். நடுவே ஒரு டஜன் வருடங்கள். யாரோ ஒரு குமாஸ்தா அந்த ஓலைக்கட்டைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். எந்தப் புலவரும் பாடாத அந்தக் குமாஸ்தாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேனில் ஏறுங்கள்.

போகிற வழியில் ஏலாக்குறிச்சி. 'இது நம்ம லிஸ்ட்ல இல்லையே' என்பீர்கள். இருக்கட்டும், இறங்குங்கள். 18-ஆம் நூற்றாண்டில், இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பிய ஊர் இது. அவர் இந்த இடத்துக்கு வைத்த பெயர் திருக்காவலூர். அந்தப் பெயரில் ஒரு கலம்பகமே பாடினார். பெயரிலேயே காவல்! இன்றும் இங்கே ஜனங்கள் கூட்டமாக வருகிறார்கள். மதம் எதுவானால் என்ன, தேடி வரும் கால்கள் இருக்கிற வரை ஒரு இடம் அநாதையாவதில்லை.

அப்படியானால், கால்கள் வராத இடம்?

அதற்குத்தான் அடுத்த நிறுத்தம். கொள்ளிடக்கரைப் பக்கமாகவே கிழக்கே போனால் ஸ்ரீபுரந்தான். எந்த டூர் நோட்டீஸிலும் இந்தப் பெயரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். சோழர் காலத்து பிரகதீஸ்வரர் கோயில் ஒன்று இருக்கிறது. தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரம் சாமிகளின் அதே பெயர். ஆனால், அதிர்ஷ்டம் வேறு. வழக்கமான பூஜை நின்று, ஆள் நடமாட்டம் குறைந்து, பூட்டிக் கிடந்த கோயில். உள்ளே, நாலடிக்கும் அதிக உயரத்தில் ஒரு நடராஜர். பக்கத்தில் உமா பரமேஸ்வரி, இன்னும் சில உலோகத் திருமேனிகள். பூட்டை மட்டும் நம்பி எல்லோரும் உள்ளே இருந்தார்கள்.

2006-ல் பூட்டு உடைந்தது. சாமி போனார். ஊருக்குத் தெரியவில்லை!

2008 பிப்ரவரியில், ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் இருக்கும் தேசியக் கலைக்கூடம் அந்த நடராஜரை விலைக்கு வாங்கியது. விலை 50 லட்சம் அமெரிக்க டாலருக்கும் மேல். அன்றைய மதிப்பில் சுமார் 20 கோடி ரூபாய். அதே வருடம், கோயிலுக்குள் போய்ப் பார்த்தபோதுதான் சிலைகள் இல்லை என்ற விஷயம் இங்கே வெடித்தது. அதற்குள் கான்பெராவில் நடராஜருக்கு பில் போட்டாகிவிட்டது! உமா பரமேஸ்வரியோ 2007-லேயே ஆறரை லட்சம் டாலருக்கு சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டார்.

விற்றவர் சுபாஷ் கபூர். நியூயார்க்கில் கலைப்பொருள் கடை வைத்திருந்தவர். காகிதமெல்லாம் பக்கா. 1970-களின் தொடக்கத்திலேயே இந்தச் சிலை இந்தியாவை விட்டுப் போய்விட்டதாக ஆவணம் கொடுத்திருந்தார். ஏன் அந்தத் தேதி? 1970-ல் களவுக் கலைப்பொருட்களுக்கு எதிராக யுனெஸ்கோ ஒப்பந்தம் வந்தது. 1972-ல் இந்தியா பழம்பொருள் சட்டம் போட்டது. 'அதெல்லாம் வருவதற்கு முன்னாடியே வெளியே போன சரக்கு சார் இது' என்றால் கேள்வி குறையும். போலி வவுச்சர் எழுதுகிறவன் தேதியில்தான் ரொம்பக் கவனமாக இருப்பான் என்று ஆடிட்டர்கள் சொல்வார்கள்.

அவரைச் சிக்கவைத்தது ஒரு போட்டோ. புதுச்சேரியில் 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு ஊர் ஊராகப் போய்ச் சிலைகளைப் படமெடுத்து வைத்திருக்கிறது. அவர்கள் 1994-ல் ஸ்ரீபுரந்தானுக்கும் போயிருந்தார்கள். அந்த போட்டோவில் நம்ம நடராஜர், நம்ம ஊர்க் கோயிலுக்குள்ளேயே நிற்கிறார்! 1970-களில் வெளிநாடு போன சாமி, 1994-ல் அரியலூர் மாவட்டத்து கிராமத்தில் எப்படி நிற்பார்? அவ்வளவுதான். சீட்டுக்கட்டு சரிந்தது.

2011-ல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் கபூர் பிடிபட்டார். 2012-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட் டெல்லிக்கு வந்து, பிரதமர் மோடியிடம் நடராஜரை ஒப்படைத்தார். 2015-ல் சிங்கப்பூர் உமா பரமேஸ்வரியைத் திருப்பிக் கொடுத்தது. இதே அரியலூர் மாவட்டத்தில் சுத்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலிலும் சிலைகள் களவு போயிருந்தன. அந்த வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குப் பத்தாண்டு சிறைத் தண்டனை விதித்தது.

சுபம் போட்டுவிடலாமா? அவசரப்படாதீர்கள். டெல்லியிலிருந்து தமிழ்நாடு வந்த நடராஜர் இறங்கிய இடம் ஸ்ரீபுரந்தான் இல்லை. கும்பகோணத்தில் இருக்கும் திருமேனிப் பாதுகாப்பு மையம். திருட்டுப் பயத்தால் கிராமத்துக் கோயில்களின் உற்சவர்கள் இப்படி மையங்களில் சேர்க்கப்படுகிறார்கள். பத்திரம்தான், மறுக்கவில்லை. ஆனால், உற்சவர் என்றால் வீதியில் வருகிறவர். லாக்கரில் இருக்கும் நகை பத்திரமாக இருக்கும். யாருடைய கழுத்திலும் இருக்காது.

இப்போது என் பங்குக்கு ஒரு சின்னக் கணக்கு. வருமானமே இல்லாத கோயில்களுக்கு 'ஒரு கால பூஜைத் திட்டம்' என்று அறநிலையத்துறையிடம் ஒன்று உண்டு. கோயில் பேரில் ஒரு தொகையை டெபாசிட் போட்டு, வரும் வட்டியில் தினம் ஒரு வேளை விளக்கேற்றிப் பூஜை செய்வது. நம்ம 96 ஆடு கதைதான்! 2021-22ல் அந்த வைப்புத்தொகையைக் கோயிலுக்கு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாக அரசு உயர்த்தியது. இரண்டு லட்சத்துக்கு வருடம் ஆறு சதவிகித வட்டி என்று வையுங்கள். பன்னிரண்டாயிரம். மாதம் ஆயிரம். ஒரு நாளைக்கு 33 ரூபாய். எண்ணெய், பூ, நைவேத்தியம் எல்லாம் அதற்குள். ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற காசு.

அந்தப் பக்கம், ஒரே ஒரு நடராஜர் 20 கோடிக்கு விலை போயிருக்கிறார். அந்தப் பணத்தில் ஆயிரம் கோயில்களுக்குத் தலா இரண்டு லட்சம் டெபாசிட் போடலாம். உள்ளே இருப்பவர் மதிப்பு 20 கோடி. அவருக்கு ஒரு நாள் செலவு 33 ரூபாய். இந்த வித்தியாசத்தைத் திருடர்கள் நமக்கு முன்பே கணக்குப் போட்டுவிட்டார்கள் என்பதுதான் சோகம்.

கடைசி நிறுத்தம், கங்கைகொண்ட சோழபுரம். இருட்டுவதற்குள் போய்விடலாம். வட இந்தியா வரை படை அனுப்பிய ராஜேந்திரன், வெற்றிக்கு அடையாளமாகக் கங்கைத் தண்ணீரைக் கொண்டுவரச் செய்தான். தோற்ற மன்னர்களே அதைச் சுமந்து வந்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு பெருமைப்படுகிறது. (கைதிகளை வைத்து நடத்திய காசி டூர்!) சோழகங்கம் என்ற பேரேரி, அதன் பக்கத்தில் புதுத் தலைநகர், நடுவில் இந்தக் கோயில். சோழர் ஆட்சி முடியும் வரை, சுமார் 250 வருடம் இதுதான் தலைநகரம். 2004-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. இங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை. ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்கு வந்து பாருங்கள், தெரியும்.

உள்ளே போகும் முன் சுற்றுச்சுவரைப் பாருங்கள். இவ்வளவு பெரிய கோயிலுக்கு இவ்வளவு மொட்டையான மதிலா என்று தோன்றும். இருந்தது பெரிய மதில்தான். 1836 வாக்கில், ஆங்கிலேயர்கள் கொள்ளிடத்தில் கீழணை கட்டினார்கள். கருங்கல் தேவைப்பட்டது. கையெட்டும் தூரத்தில், செதுக்கிய கல்லாகவே கிடைத்தது. மதிலைப் பெயர்த்தார்கள். சிற்பங்களோடு சேர்த்துக் கொண்டுபோனார்கள். கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாக இங்கே வருகிற டூர் பஸ்கள், கோயில் மதிலைக் கடந்துதான் கோயிலுக்கே வருகின்றன!

இதில் நான் உங்களிடம் சொல்ல வந்தது இடித்த கதையை அல்ல. தடுத்த கதையை. 1855-ல் வெளியான ஒரு குறிப்பு அதைச் சொல்கிறது. அக்கம்பக்கத்து ஜனங்கள் 'கல்லை எடுக்காதே' என்று தங்களால் முடிந்த மட்டும் எதிர்த்திருக்கிறார்கள். பலன்? உத்தரவை அவமதித்ததாக அவர்களுக்குத் தண்டனை! பெயர்த்த மதிலுக்குப் பதில் செங்கல்லில் ஒரு சுவர் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் காப்பாற்றப்படவில்லை என்று அந்தக் குறிப்பு வருத்தப்படுகிறது.

தலைநகரம் அழிந்து ஐந்நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்த நேரம் அது. சோழ ராஜா இல்லை, சேனை இல்லை. யாரென்றே பெயர் தெரியாத ஏழைக் குடியானவர்கள் கம்பெனி சர்க்காரின் கடப்பாரைக்குக் குறுக்கே வந்து நின்றார்கள். அவர்களில் எவரும் 'பன்மாகேசுவர ரட்சை' என்ற கல்வெட்டு வரியைப் படித்திருக்க வாய்ப்பில்லை. அதை நடத்திக் காட்டிவிட்டார்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1836-ல் பட்டப்பகலில் சர்க்காரே வந்து கல்லை எடுத்தது. ஊர் எதிர்த்து, அடிபட்டு, தோற்றது. ஆனால், 'எடுத்தார்கள்' என்ற சாட்சி மிச்சமிருக்கிறது. 2006-ல் ஸ்ரீபுரந்தானில் நாலடி நடராஜர் போனதைப் பார்க்க ஒரு சாட்சி இல்லை. ஊர்க்காரர்கள் மோசம் என்று அர்த்தமில்லை. ஒரு சின்ன கிராமம் மட்டும் தனியாக எத்தனை காலம் காவல் காக்கும்? நாமெல்லாம் எங்கே போயிருந்தோம்? நவக்கிரக டூர் போயிருந்தோம்!

அதில் தப்பில்லை. 2024-ல் கும்பகோணத்திலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகமே நவக்கிரக பஸ் விட்டது. நல்ல விஷயம். போங்கள். என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். அடுத்த முறை உங்கள் வேன் லிஸ்ட்டில் ஒன்பது கோயில் இருந்தால், பத்தாவதாக ஒன்றைச் சேருங்கள். நோட்டீஸில் இல்லாத கோயில். பக்கத்து கிராமத்தில் சாவியை யார் வீட்டில் வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்துத் திறக்கச் சொல்ல வேண்டிய கோயில். விளக்குக்கு எண்ணெய் கொடுங்கள். குருக்கள் இருந்தால் தட்டில் நூறு ரூபாய் போடுங்கள். உள்ளே எத்தனை திருமேனி என்று குழந்தைகளை விட்டு எண்ணச் சொல்லுங்கள். 'போன வருஷம் அஞ்சு இருந்துச்சே, இப்ப நாலுதான் இருக்கு' என்று கேட்க ஒரு பொடியன் இருந்தால் போதும். கான்பெரா வரைக்கும் அந்தச் சத்தம் கேட்கும்.

வேனுக்கு இன்னொரு வேலை இருக்கிறது என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது இதுதான்.

இறங்குவதற்கு முன் இன்னொரு கல்வெட்டு வாசகம். தானம் கொடுத்தவர்கள் பல இடங்களில் கடைசியாக ஒன்று எழுதி வைத்தார்கள். இந்தத் தர்மத்தைக் காப்பாற்றுகிறவருடைய பாதம் தங்கள் தலைமேல் இருக்கட்டும் என்று. ராஜாக்களும் அப்படி எழுதியிருக்கிறார்கள். யாருடைய பாதம் என்று பெயர் போடவில்லை. ஆயிரம் வருடம் கழித்து வரப்போகிற யாரோ ஒருவருடையது.

அது ஏன் உங்களுடையதாக இருக்கக் கூடாது?